பழைய குட்டி கேமிங் பிசிக்குப் புது கிராபிக்ஸ் கார்டு: பணம் கட்டும் முன் போட வேண்டிய 5 கணக்குகள்!

ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, டிவிக்குக் கீழே இருக்கும் குட்டி கேமிங் பிசியை ஆன் செய்தால், ஆசையாக வாங்கிய புது கேம் ‘இந்த கிராபிக்ஸ் கார்டில் ஓடாது’ என்று சொல்லிவிடுகிறது. அடுத்த பத்து நிமிடத்தில் ஆன்லைனில் ஒரு கார்டு கார்ட்டில் ஏறியிருக்கும். சம்பளம் வந்த வாரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

கொஞ்சம் பொறுங்க. பெரிய டவர் கேபினட்டில் கார்டு மாற்றுவது ஒரு மணி நேர வேலை. ஷூ பெட்டி சைஸ் பிசியில் கதையே வேறு. கார்டு உள்ளே நுழையாமல் போகலாம். நுழைந்தாலும் பவர் பத்தாமல் கேம் நடுவில் ஆஃப் ஆகலாம். எல்லாம் சரியாக இருந்தும், எதிர்பார்த்த வேகம் வராமல் போகலாம். எது எங்கே இடிக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எப்படி?

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

இரண்டு காரணங்கள். முதலாவது, டிரைவர். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 900, ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் அப்டேட் 2025 அக்டோபரோடு முடிவுக்கு வந்தது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான்.

இரண்டாவது, கேம்களே மாறிவிட்டன. ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’, ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ போன்ற கேம்கள், ரே டிரேசிங் வசதி கார்டின் ஹார்டுவேரிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஜிடிஎக்ஸ் கார்டுகளில் அது கிடையாது. செட்டிங்ஸை எவ்வளவு குறைத்தாலும் பலன் இல்லை.

ஒரு நிஜ உதாரணம்

டெல் நிறுவனத்தின் ஏலியன்வேர் எக்ஸ்51 பலருக்கு நினைவிருக்கலாம். 2012 ஜனவரியில் அறிமுகமான, கேம் கன்சோல் சைஸ் பிசி. 2015-இல் வந்த அதன் மூன்றாவது பதிப்பில் இன்டெல் 6-ம் தலைமுறை பிராசஸரும், விருப்பப்பட்டால் ஜிடிஎக்ஸ் 960 கார்டும் கிடைத்தன. பெட்டிக்குள் வழக்கமான எஸ்எம்பிஎஸ் கிடையாது. லேப்டாப் மாதிரி வெளியே ஒரு அடாப்டர்தான். மாடலைப் பொறுத்து 240 அல்லது 330 வாட். கார்டுக்கான உச்சவரம்பு 150 வாட்.

குட்டிப் பிசிகளில் வரக்கூடிய எல்லாச் சிக்கலும் இந்த ஒரு பெட்டியில் உண்டு. அதனால் இதை வைத்தே கணக்குப் போடுவோம்.

கணக்கு 1: இடம்

பழைய கார்டைக் கழற்றி, ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்க. நீளம், உயரம், தடிமன் மூன்றுமே முக்கியம். தடிமனை ‘ஸ்லாட்’ கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்லாட் என்பது சுமார் 20 மி.மீ. ‘டூயல் ஸ்லாட்’ என்றால் 40 மி.மீ. ஆனால், ‘2.5 ஸ்லாட்’ கார்டுகளும் கடையில் உண்டு. அந்த அரை ஸ்லாட்தான் பெட்டியை மூடவிடாமல் செய்யும்.

பலர் மறப்பது பவர் கேபிளை. கார்டின் மேல் பக்கம் செருகும் கேபிள் வளைந்து திரும்பவும் இடம் வேண்டும். கார்டின் உயரம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. ஒரே சிப்புக்கு மூன்று ஃபேன் நீளக் கார்டும் இருக்கும். ஒற்றை ஃபேன் ‘ஐடிஎக்ஸ்’ அல்லது ‘மினி’ கார்டும் இருக்கும். சிப்பின் பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போடாமல், அந்தக் குறிப்பிட்ட மாடலின் மி.மீ. அளவைப் பாருங்க.

கணக்கு 2: பவர்

மதர்போர்டின் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் கேபிள் இன்னொரு 75 வாட். 8 பின் என்றால் 150 வாட்.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. பழைய ஜிடிஎக்ஸ் 960 எடுத்துக்கொள்வது 120 வாட். 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 115 வாட் போதும். வேகம் பல மடங்கு கூடியும், கரன்ட் தேவை 5 வாட் குறைந்திருக்கிறது. கார்டுக்கு 115, பிராசஸருக்கு 65, மற்றவற்றுக்குத் தோராயமாக 50 என்று கூட்டினால் 230 வாட். 330 வாட் அடாப்டர் தாராளமாகத் தாங்கும். 240 வாட் அடாப்டர் என்றால் வேண்டாம். கேமின் நடுவே கார்டு சில நொடித்துளிகளுக்குக் கணக்கை மீறிக் கரன்ட் இழுக்கும். அப்போது பிசி பொட்டென்று அணைந்துவிடும்.

2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 145 வாட். 150 வாட் வரம்புக்குள் வந்தாலும் ரொம்ப நெருக்கம். பவர் கேபிளே இல்லாத பிசி என்றால், 70 வாட்டில் ஸ்லாட்டிலிருந்தே ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு இருக்கிறது. அதே பெயரில் 8 ஜிபி கார்டும் உண்டு. அதற்குத் தனி பவர் கேபிள் வேண்டும். பெயரைப் பார்த்து மாற்றி வாங்கிவிடாதீங்க.

இன்னொரு எச்சரிக்கை: ஹார்டுடிஸ்க்குக்குப் போகும் சாட்டா பவர் கேபிளை 8 பின்னாக மாற்றித் தரும் மலிவு கன்வெர்ட்டர்கள் பக்கமே போகாதீங்க. அந்தக் கேபிள் இவ்வளவு கரன்டுக்காகச் செய்யப்பட்டதல்ல. உருகும்.

கணக்கு 3: ஸ்லாட்டின் வேகம்

பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டை ரோடு என்று வைத்துக்கொள்வோம். பழைய ஸ்லாட்டில் 16 லேன் உண்டு. ஆனால் ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற புது கார்டுகள் 8 லேன் மட்டுமே பயன்படுத்தும். புது மதர்போர்டில் ஒவ்வொரு லேனும் இரு மடங்கு வேகம் என்பதால் அங்கே பிரச்னை இல்லை. எக்ஸ்51 மூன்றாம் பதிப்பு மாதிரியான பிசிஐ 3.0 போர்டில், நொடிக்குச் சுமார் 16 ஜிபிக்குப் பதில் 8 ஜிபிதான் போகும்.

பெரும்பாலான கேம்களில் இந்த இழப்பு சிறியதுதான். கார்டின் மெமரி நிரம்பி வழியும்போதுதான் தடுமாற்றம் தெரியும். ஆனால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன், 4 ஜிபி மெமரி. விலை குறைவு என்று பழைய போர்டுக்கு இதை வாங்கினால் நன்றாகவே அடிவாங்கும்.

இன்டெல் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி மெமரி இருப்பது ஆசை காட்டும். ஆனால் அது ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதியை நம்பி இயங்குவது. இன்டெல் 10-ம் தலைமுறை, ரைசன் 3000 அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும் என்று இன்டெல்லே சொல்கிறது. தேவைப்படுவதும் 190 வாட். நம் குட்டிப் பெட்டிக்கு இது ஆகாது.

கணக்கு 4: பிராசஸர்

கார்டு படம் வரையும். எதை வரைய வேண்டும் என்று சொல்வது பிராசஸர். அது மெதுவாகச் சொன்னால், எவ்வளவு விலை உயர்ந்த கார்டும் சும்மா காத்திருக்கும்.

இதைக் காசு செலவில்லாமல் சோதிக்கலாம். நீங்கள் அதிகம் விளையாடும் கேமில் ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்குக் குறைத்துப் பாருங்க. ஃபிரேம் ரேட் ஜிவ்வென்று ஏறினால், தடை பழைய கார்டுதான். மாற்றினால் பலன் உண்டு. அப்படியே நின்றால், தடை பிராசஸர். புது கார்டு போட்டாலும் ஏமாற்றம்தான். 4 கோர் மட்டும் உள்ள 6-ம் தலைமுறை ஐ5-இல் பல புது கேம்கள் இந்த இரண்டாவது ரகத்தில் விழும்.

கணக்கு 5: சூடு

குட்டிப் பெட்டியில் காற்று போக வழி குறைவு. சாதாரண ஃபேன் கார்டுகள் சூட்டைப் பெட்டிக்குள்ளேயே விடும். ‘புளோயர்’ கார்டுகள் பின்பக்கமாக வெளியே தள்ளும். ஆனால் சத்தம் அதிகம். எதை வாங்கினாலும், பெட்டி திறந்திருக்கும் அன்றே தூசியைத் துடைத்து, பிராசஸரின் தெர்மல் பேஸ்டையும் மாற்றிவிடுவது நல்லது. பத்து வருஷப் பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்கினால். 2022 செப்டம்பரில் எத்திரியம், மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு, இரவு பகலாக ஓடிய கார்டுகள் சந்தைக்கு வந்தன. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் பார்த்து நேரில் வாங்கினாலும் சரி, 15 நிமிடம் ஒரு கேமையோ பெஞ்ச்மார்க்கையோ ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. திரையில் புள்ளி, கோடு வருகிறதா, ஃபேன் கரகரக்கிறதா என்று கவனியுங்க. ஓட்டிக் காட்ட மறுத்தால் அடுத்த கடை.

சரி, மாற்றலாமா வேண்டாமா?

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தாலும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். கார்டு புதிதாக இருந்தாலும், அது உட்காரும் வீடு பழசு.

அதனால் முடிவை இப்படி எடுக்கலாம். 8-ம் தலைமுறைக்குப் பிந்தைய பிராசஸர், ரெசல்யூஷன் சோதனையில் பாஸ், அடாப்டரில் போதுமான வாட் என்றால், தயங்காமல் மாற்றலாம். பிராசஸர் பழசு, ஆனால் இன்னும் ஒரு வருஷம் ஓட்ட வேண்டும் என்றால், நாளை வேறு பிசிக்கும் எடுத்துப் போகக்கூடிய சின்ன சைஸ் 8 ஜிபி கார்டை வாங்குங்க. குட்டிக் கார்டு பெரும்பாலான பெட்டிகளுக்குள் நுழையும். போட்ட காசு வீணாகாது. சோதனையில் ஃபெயில், அடாப்டரும் சின்னது என்றால், அந்தப் பணத்தை அடுத்த பிசிக்கான முதல் தவணையாக ஒதுக்கி வைப்பதே லாபம்.

மாற்றுவது என்று முடிவெடுத்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. புது கார்டு போட்டதும் திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். ஹெச்டிஎம்ஐ கேபிள் பழக்கதோஷத்தில் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்க. பாதிப் பேருக்குப் பிரச்னை அங்கேயே தீர்ந்துவிடும்.