நீள நோட்டில் 36 மாதம்

ஈரோட்டில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் 17 வருடமாகக் காசாளர் வேலை பார்க்கிறேன். சாயங்காலம் பெட்டியில் இருக்கும் பணமும் பேரேடும் ஒத்துப்போகாவிட்டால் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. அந்தப் பழக்கத்தில்தான், 2022 நவம்பர் 9-ஆம் தேதி கோயம்புத்தூரில் எனக்கு நடந்த உடல் பருமன் அறுவை சிகிச்சைக்கும் ஒரு நீள நோட்டுப் போட்டேன். இடப்பக்கம் பணம், வலப்பக்கம் உடம்பு. இந்த நவம்பரோடு 36 மாதம் எழுதியாயிற்று. விவரம் தெரிந்து வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்பதைத்தான். ஒரே ஒரு தொகையைச் சொன்னால் அது பாதிக் கணக்குதான்.

முதல் பக்கத்தில் இருப்பது இவ்வளவு: வயது 41. எடை 121.6 கிலோ. உயரம் 157 செ.மீ. பிஎம்ஐ 49.3. மூன்று மாத சராசரி சுகர் 9.4. மாத்திரை போதாமல் இரவில் 18 யூனிட் இன்சுலின். பிரஷருக்கு இரண்டு மாத்திரை. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 தடவை மூச்சு தடைப்பட்டிருந்தது. இந்த மூச்சுத் தடை என் கணவருக்கு முன்பே தெரியும். நான் குறட்டையை நிறுத்தி, மறுபடி மூச்சை இழுக்கும்வரை இருட்டில் படுத்தபடியே அவர் எண்ணிக்கொண்டிருப்பாராம். ஒரு நாள் 40 வரை எண்ணினாராம். எழுப்பிவிட்டாரே தவிர, அதை எனக்குச் சொல்லவில்லை. டாக்டர் அறையில்தான் சொன்னார்.

"குறுக்கு வழி" என்று சொந்தத்தில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்குக் காட்ட ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். மகள் பிறந்த 2009-இல் என் எடை 92 கிலோ. அதன்பின் 13 வருடத்தில் 7 தடவை உடம்பைக் குறைத்தேன். நடை, ஜிம், பவுடர், ராத்திரிப் பட்டினி, கொள்ளு ரசம் மட்டும் என்று ஒரு மாதம். ஏழு தடவையும் சேர்த்து இறங்கியது 63.8 கிலோ. திரும்ப ஏறியது 93.4 கிலோ. மிச்சம் 29.6 கிலோ கூடுதல். ஒவ்வொரு தடவையும் எடை இறங்க இறங்கப் பசி கூடியது. எனக்கு மனஉறுதி இல்லை என்றே பல வருடம் நம்பினேன். எடை குறையும்போது உடம்பு பசிச் சுரப்பைக் கூட்டி, செலவழிக்கும் சக்தியைக் குறைத்து, பழைய எடைக்கே இழுக்கும் என்பதை 41 வயதில்தான் ஒருவர் எனக்கு விளக்கினார். அன்றைக்கு நான் அழுதேன். அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.

நான் மட்டும் தனியாகவும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ பருமனோ கொண்டவர்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 30.9.

எனக்குச் செய்தது ஸ்லீவ். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாகத் தைத்துவிடுவார்கள். ஒரு லிட்டருக்கு மேல் கொள்ளும் பை, 100 முதல் 150 மி.லி. கொள்ளும் குழாயாகிவிடும். இடம் குறைவது ஒரு பங்குதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் ஊறுவது இரைப்பையின் மேற்பகுதியில். அந்தப் பகுதிதான் வெளியே போகிறது. "கசிவு நூற்றில் ஒருவருக்கு வரலாம், உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கு" என்று சர்ஜன் சொன்னார். இரண்டையும் சிவப்பு மையில் எழுதி, எதிரில் மகளின் வயதை எழுதினேன்: 13. மறுபக்கத்தில் ஸ்வீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வின் முடிவை எழுதினேன். அறுவை செய்துகொண்ட 2,010 பேர், செய்துகொள்ளாத 2,037 பேர். 2007-இல் வந்த முடிவில் முதல் தரப்பில் மரணம் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைவு. ஒரு வாரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய 14 நாள் கல்லீரல் சுருங்குவதற்காக ஒரு நாளைக்கு 800 கலோரி. இறங்கியது 4.4 கிலோ.

இனிப் பணம். பேக்கேஜ் 3,25,000 ரூபாய். எண்டோஸ்கோப்பி, எக்கோ, ஸ்கேன், தூக்கப் பரிசோதனை, மனநல ஆலோசனை எல்லாம் பேக்கேஜுக்கு வெளியே: 21,650. ஸ்டேப்ளர் கார்ட்ரிட்ஜ் 5-தான் பேக்கேஜில் அடக்கம். எனக்கு 6 தேவைப்பட்டது. கூடுதல் ஒன்றுக்கு 11,800. காய்ச்சலால் ஒரு நாள் அதிகம் தங்கியதற்கு 6,500. காலுறை, மூச்சுப் பயிற்சிக் கருவி 3,450. கூட்டினால் 3,68,400.

காப்பீட்டு நிறுவனம் 2,50,000 கொடுத்தது. 2017-லிருந்து பாலிசி ஓடியதால் காத்திருப்புக் காலம் முடிந்திருந்தது. பாலிசியில் இருந்த வாசகம் இது: பிஎம்ஐ 40-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், அல்லது கடுமையான இணைநோயோடு 35. இந்த 40-ம் 35-ம் அமெரிக்காவில் 1991-இல் வகுத்த அளவுகள். நான் அட்மிட் ஆவதற்கு முந்தைய மாதம், 2022 அக்டோபரில், உலகப் பருமன் அறுவை மருத்துவர் அமைப்புகள் அதைத் திருத்தி, இணைநோய் இல்லாவிட்டாலும் 35 போதும், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன. நம் உடம்பில் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுகிறது என்பதுதான் காரணம். எனக்கு 49.3 இருந்ததால் பணம் வந்தது. 36 இருந்து சுகர் கட்டுக்குள் இருக்கும் ஒருத்தி, இன்னும் நோயாளியான பிறகுதான் பணம் கேட்க முடியும். இது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

கையிலிருந்து போனது 1,18,400. மூன்று பவுன் சங்கிலியை வைத்து 85,000. மீதி 33,400 ஏலச்சீட்டு எடுத்தது. சங்கிலியைத் திருப்ப 14 மாதம் ஆயிற்று. வட்டி 8,925.

வலப்பக்கத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் 1 மணி 50 நிமிடம், ஐந்து துளை. மறுநாள் காலையில் நர்ஸ் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் கப்பைக் கொடுத்து, "15 நிமிஷத்துக்கு 30 மி.லி. தண்ணி, ஒரே மடக்கா குடிக்கக்கூடாதுங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கப் தொலைந்துபோனது. அம்மா பீரோவைத் திறந்து, என் மகளுக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடையை எடுத்து வந்தாள். மருந்து சிரிஞ்சால் அளந்து பார்த்தேன்: வழிய வழிய 15 மி.லி. கால் மணிக்கு இரண்டு பாலாடை. "இன்னொரு வாய் கண்ணு" என்று சொல்லிச் சொல்லி அம்மா ஊற்றினாள். 12 மணி நேரம் விடாமல் குடித்தால் 1,440 மி.லி. சேரும். முதல் நாள் நான் குடித்தது 380. நான்காம் நாள் 610. 1,200-ஐத் தொட 11 நாள் ஆயிற்று. முன்பு அலுவலகத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை நின்றபடி குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பியவள் நான்.

இரண்டு வாரம் நீராகாரம், இரண்டு வாரம் மசித்தது, பிறகு மென்மையான உணவு. ஆஸ்பத்திரியில் கொடுத்த அச்சடித்த தாளில் கினோவாவும் ப்ரோக்கோலியும் இருந்தன. எங்கள் சமையலறைக்குப் பொருந்தும் ஒரு வரி இல்லை. புரதம் 60 கிராம் என்ற இலக்கை மட்டும் வைத்துக்கொண்டு நானே மாற்றி எழுதினேன்: முட்டை ஒன்று 6 கிராம், இட்லி ஒன்று சுமார் 2, பன்னீர் 100 கிராமுக்கு 18, பவுடர் ஒரு கரண்டி 24. 29-ஆம் நாள் கடைந்த துவரம்பருப்பு மூன்று தேக்கரண்டி. நெய்யும் சீரகமும் மணக்க, அதைச் சாப்பிட 25 நிமிடம் ஆயிற்று. அதற்குமுன் பருப்பின் ருசி எனக்குத் தெரிந்திருந்ததா என்று சந்தேகமாக இருந்தது.

வாந்தி மொத்தம் 61 தடவை, அதில் 23 முதல் மூன்று மாதத்தில். பெரும்பாலும் காரணம் வேகம். ஒரு பெரியம்மா வீட்டுக் கல்யாணத்தில், "என்ன சாமி, எலையில வெச்சது வெச்சபடியே இருக்குது?" என்று கேட்டு அவர் முகம் வாடியதைப் பார்த்து இரண்டு வாய் கூடுதலாக வைத்தேன். மண்டபத்துப் பின்வாசல் வரைகூடப் போக முடியவில்லை.

எடை: ஒரு மாதத்தில் 108.9. மூன்றில் 100.6. ஆறில் 92.4. பன்னிரண்டில் 84.7. பதினெட்டில் 82.3, அதுதான் அடிமட்டம். இன்று 86.1. அடிமட்டத்திலிருந்து 3.8 கிலோ ஏறியிருக்கிறது. பிஎம்ஐ 34.9, ஏட்டுப்படி இன்னும் பருமன்தான். அந்த 3.8-க்காக இரண்டு மாதம் தூக்கம் கெட்டது. கொஞ்சம் திரும்ப ஏறுவது பலருக்கும் நடப்பதுதான் என்று டாக்டர் சொல்லியும் மனம் கேட்கவில்லை.

நான்காம் மாதம் தலைமுடி கொட்டியது. பின்னலில் இரண்டு சுற்று சுற்றிய ரப்பர் பேண்டு நான்கு சுற்றுப் போயிற்று. ஒன்பதாம் மாதம் நின்று, முளைத்தது. முடியைவிட ரத்தம்தான் என்னை அடித்தது. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு இரும்புச்சத்து தினம் 45 முதல் 60 மி.கி. வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. எனக்குக் கொடுத்த தாளில் "மல்டிவைட்டமின் தினம் 1" என்பதோடு சரி. 20-ஆம் மாதம் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 7-க்கு வந்து, நோட்டு எண்ணும்போதே கை நடுங்கியது. ஊசி வழியாக இரும்பு ஏற்ற 7,400.

ஆபரேஷனுக்குப் பிந்தைய 36 மாதச் செலவு:

வைட்டமின், கால்சியம் சிட்ரேட், டி3, பி12, இரும்பு: மாதம் 1,350 வீதம் 48,600
புரதப் பவுடர்: 62,400
ரத்தப் பரிசோதனை 6 தடவை: 25,200
டாக்டர், டயட்டீஷியன் 11 தடவை: 8,800
கோவைக்குப் பஸ்: 6,600
பித்தப்பையில் கல் வராமலிருக்க ஆறு மாத மாத்திரை: 6,900
இரும்பு ஊசி: 7,400
மூன்று தடவை துணி, தையல்: 14,300
மொத்தம்: 1,80,200

ஆஸ்பத்திரிக்குக் கையிலிருந்து கொடுத்ததைவிட 61,800 அதிகம். இந்தத் தொகையில் ஒரு ரூபாய்கூடப் பேக்கேஜ் தாளில் இல்லை. கேட்டபோது, "அதெல்லாம் சின்னச் செலவுதாங்க" என்றார்கள். சத்து மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. 75 வயதுவரை இருப்பேன் என்று வைத்தால் 31 வருடம், இன்றைய விலையிலேயே 5,02,200. நிறுத்தினால் நரம்பும் எலும்பும் ரத்தமும் போகும். இதை முதல் நாளே எழுத்தில் கொடுத்திருந்தால் நான் பின்வாங்கியிருக்க மாட்டேன். சீட்டு ஒன்று கூடுதலாகப் போட்டிருப்பேன்.

வரவும் உண்டு. இன்சுலின் டிஸ்சார்ஜ் அன்றே நின்றது. சுகர் இப்போது 6.3, பிரஷர் மாத்திரை ஒன்று. மருந்துக் கடைக் கணக்கு மாதம் 3,640-லிருந்து 560 ஆனது. 36 மாதத்தில் மிச்சம் 1,10,880. 25 கிலோ அரிசிச் சிப்பம் 30 நாள் வந்தது, இப்போது 40 நாள் வருகிறது. மூச்சுத் தடை 38-லிருந்து 6. சென்னிமலையில் 1,320 படி. 2021-இல் அடிவாரத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். சென்ற தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் 9 இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். கணவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார். அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியும் எந்தத் தொகையும் எழுதத் தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

போன மாதம் எங்கள் கிளையில் வேலை செய்யும் தம்பி ஒருவன், வேறொரு ஆஸ்பத்திரியின் பேக்கேஜ் தாளோடு என் கவுண்டருக்கு வந்தான். 131 கிலோ, வயது 29. தாளின் பின்பக்கத்தில் 1,350 × 12 என்று எழுதிக் கொடுத்தேன். 75 வயதுவரை என்று வைத்து அவனே பெருக்கினான்: 7,45,200. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "புதன்கிழமை கோயம்புத்தூருக்கு என்கூட வர முடியுங்களாக்கா? என்ன கேக்கோணும்னு எனக்குத் தெரியாதுங்க" என்றான். விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.