செலவுச் சீட்டில் ஒரு குறி: ஈ.ஆர்.பி. மென்பொருளில் திட்டங்களை அமைக்கும் முறை

"உப்பைத் திட்டமாப் போடு" என்று நம் வீட்டுச் சமையலறையில் சொல்வார்கள். "என்னைக்கு வர்றேன்னு திட்டமாச் சொல்லு" என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்த இரண்டு வழக்கிலும் திட்டம் என்றால் அளவு, உறுதி என்று பொருள். அணைத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம் என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்த பொருள். கணிப்பொறியில் ப்ராஜெக்ட் என்ற பக்கத்தைத் திறந்து வேலைகளை அமைக்க உட்காரும் அன்பர்கள் இந்தப் பழைய பொருளையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

நம்மைப் போல வெளி மாநிலத்தில் இருக்கும் தமிழ்ச் சங்கங்களின் பொதுக்குழுவில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "மண்டபத்துக்கு இதுவரை எவ்வளவு ஆச்சு?" பொருளாளர் நேர்மையானவர்தான். ஐந்தொகை பைசா பிசகாமல் நேராகும். தணிக்கையாளர் கையெழுத்தும் இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வராது. சிமெண்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு என்று சொல்வார். அந்தக் கூலியில் மண்டபத்துக்கு எவ்வளவு, பொங்கல் விழாப் பந்தலுக்கு எவ்வளவு என்று கேட்டால் கட்டுக் கட்டாகச் சீட்டுகளைப் பிரித்து உட்கார வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு சங்கம் இந்த ஒரு கேள்வியால் இரண்டாகப் போயிற்று. யாரும் ஒரு ரூபாய் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்று காட்ட வழியில்லாமல் போனதுதான் காரணம்.

இதற்கு உதவும் மென்பொருள் வகைக்கு ஈ.ஆர்.பி. என்று பெயர். நிறுவன வளத் திட்டமிடல் என்று தமிழில் சொல்லலாம். தொழிற்சாலையில் எந்தப் பாகம் எப்போது எத்தனை வேண்டும் என்று கணக்கிடும் முறைகள் 1960களில் கணிப்பொறிக்கு வந்தன. ஜோசப் ஆர்லிக்கி 1975இல் அதைப் பற்றி நூல் எழுதினார். பிறகு பணம், ஆள், கிடங்கு எல்லாம் அதோடு சேர்ந்து, 1990இல் கார்ட்னர் நிறுவனம் ஈ.ஆர்.பி. என்ற பெயரைக் கொடுத்தது. 1972இல் ஜெர்மனியில் தொடங்கிய எஸ்.ஏ.பி. இந்தத் துறையின் பெரிய அண்ணன். பெங்களூரிலும் புனேயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கு அதுதான் சோறு போடுகிறது. சங்கத்துக்கும் சிறு வியாபாரத்துக்கும் அது ஆனையைக் கட்டித் தீனி போடுகிற கதை. நான் இங்கே எடுத்துக்கொள்வது மும்பையில் உருவான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட். மூலநிரல் திறந்தது, உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் அதை ஓட்டும் சர்வருக்கும் பராமரிப்புக்கும் செலவு உண்டு. இலவசம் என்றதும் அதை மறந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு செலவுச் சீட்டும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செலவு? எந்தப் பிரிவின் செலவு? எந்த வேலைக்கான செலவு? முதல் கேள்விக்குப் பதில் கணக்குத் தலைப்பு: கூலி, அச்சு, வாடகை. இரண்டாவதுக்கு காஸ்ட் சென்டர்: நூலகம், தமிழ் வகுப்பு, அலுவலகம் என்று ஆண்டாண்டுக்கும் நிலைத்திருக்கும் பிரிவுகள். மூன்றாவதுக்கு ப்ராஜெக்ட்: தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலை. மண்டபக் கட்டுமானம் ப்ராஜெக்ட். இந்த ஆண்டுப் பொங்கல் விழா ப்ராஜெக்ட். வாரந்தோறும் நடக்கும் தமிழ் வகுப்பு ப்ராஜெக்ட் ஆகாது, அது காஸ்ட் சென்டர். முடிவு தேதி சொல்ல முடியாத எதையும் ப்ராஜெக்ட் ஆக்காதீர்கள்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். போளூருக்கு அருகே திருமலை எங்கள் சமணர்களின் புனிதத் தலம். அங்குள்ள குந்தவை ஜினாலயத்துக்கு முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில் மல்லியூர் வணிகன் நன்னப்பயனின் மனைவி சாமுண்டப்பை என்ற அம்மையார் கொடுத்த கொடை அந்த மலையில் கல்வெட்டாக இருக்கிறது. நந்தா விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு. கோயிலுக்கு 30 காசு என்று மொத்தமாக எழுதி முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. கொடுத்தவர் ஒருவர், நோக்கம் இரண்டு, தொகையும் இரண்டாகப் பிரித்தே கல்லில் ஏறியிருக்கிறது. ஒரு வியாபாரி வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கருத்து இருந்தது. நம் ரசீதுப் புத்தகத்தில் "நன்கொடை" என்று ஒரே வரிதான் இருக்கிறது.

புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் செய்வது, ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கணக்குத் தலைப்பு திறப்பது. "மண்டபம் கூலி", "பொங்கல் கூலி", "ஆண்டு விழா கூலி" என்று மூன்றாண்டில் கணக்குப் பட்டியல் முந்நூறு வரிக்குப் போய்விடும். அடுத்து வரும் பொருளாளருக்கு எதில் போடுவது என்றே தெரியாது. கூலி என்று ஒரே தலைப்புப் போதும். சீட்டைப் பதியும்போது பக்கத்தில் ப்ராஜெக்ட் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் வேலையின் பெயரைக் குறித்தால் ஆச்சு. டேலி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அதிலும் காஸ்ட் சென்டர் வசதி இருக்கிறது, பலர் திறந்து பார்த்ததே இல்லை.

ஒரு எச்சரிக்கை. வரவு செலவுக் கணக்கில் காஸ்ட் சென்டர் இல்லாமல் பதிய ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் விடாது. ப்ராஜெக்ட் கட்டம் காலியாக இருந்தால் அது வாயே திறக்காது. ஆகவே அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கும்படி அமைத்துத் தரச் சொல்லுங்கள். எந்த வேலையிலும் சேராத செலவுக்கு "2026 பொது நிர்வாகம்" என்று ஒரு ப்ராஜெக்ட் வைத்துக்கொள்ளலாம். பெயரில் ஆண்டு முதலில் வரட்டும். ஒரே பெயரில் இரண்டு ப்ராஜெக்ட் திறக்க முடியாது. வெறுமே "பொங்கல் விழா" என்று திறந்தால் அடுத்த தை மாதம் மறுத்துவிடும்.

என் தொழிலிலிருந்து ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் ஹோட்டல், கேன்டீன் சமையலறைகளுக்குப் பாத்திரமும் எவர்சில்வர் மேடையும் செய்து பொருத்தித் தருகிறவன். ஒவ்வொரு சமையலறையும் ஒரு ப்ராஜெக்ட். தகடு வாங்கிய பில்லில் யாரும் ஏமாற மாட்டார்கள், அது பெரிய தொகை, கண்ணில் படும். லாபத்தைத் தின்பது அடுப்புக்கு மேல் வைக்கும் புகைக்கூண்டு பொருந்தாமல் வெல்டர் இரண்டாம் முறை போய் வந்த கூலியும், டெம்போ வாடகையும்தான். அவை பொதுச் செலவில் கரைந்துவிட்டால் நஷ்டமான வேலை லாபமாகத் தெரியும். அடுத்த வேலைக்கும் அதே விலை சொல்லுவோம். சின்னச் சீட்டில் குறி போடுவதுதான் முக்கியம்.

இனி வேலைகளைப் பிரிப்பது. ப்ராஜெக்டுக்குள் டாஸ்க் என்று சிறு வேலைகள். சிலவற்றைக் குழுவாக்கி, அதன் கீழ் பிள்ளை வேலைகளை வைக்கலாம். மண்டபம் என்றால் அனுமதி, அடித்தளம், தளம், மின் இணைப்பு, பூச்சு என்று ஐந்தாறு தலைகள். அவற்றின் கீழ் மூன்று நான்கு போதும். எஸ்.ஏ.பி. படித்த தம்பிமார் நூறு வரிக்கு உடைப்பார்கள். சங்கத்தில் அந்த நூறையும் வாரம் ஒருமுறை திறந்து பார்த்துக் குறிக்க யார் இருக்கிறார்கள்? ஒரு டாஸ்க் என்றால் ஒரு பெயர் பொறுப்பில் இருக்க வேண்டும், முடிந்ததா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் வர வேண்டும். அந்த அளவுக்கு உடைத்தால் சரி.

எது முடிந்தால் எது தொடங்கும் என்பதையும் குறிக்க வேண்டும். சுவருக்குள் மின்குழாய் பதிக்காமல் பூச்சு வேலை தொடங்கினால் பூசியதை உடைக்க வேண்டி வரும். பூச்சு டாஸ்கில் "மின்குழாய் இதற்கு முன்" என்று குறித்துவிட்டால், மின்குழாய் முடியாமல் பூச்சை முடிந்ததாகக் குறிக்க மென்பொருள் விடாது. முன் வேலையின் தேதி தள்ளினால் பின் வேலையின் தேதியையும் தள்ளி வைக்கும். கேண்ட் படம் என்ற பட்டைப் படத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 1910களில் ஹென்றி கேண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் பரப்பிய முறை அது.

விழாக்களுக்கு இன்னொரு வசதி, டெம்ப்ளேட். மண்டபம் பதிவு, அழைப்பிதழ், ஒலிபெருக்கி, கரும்பும் பானையும் என்று வேலைகளை ஒருமுறை எழுதி, தொடக்க நாளிலிருந்து எத்தனையாவது நாளில் தொடங்கும், எத்தனை நாள் ஆகும் என்று கொடுத்தால் போதும். அடுத்த ஆண்டு தொடக்கத் தேதி மட்டும் கொடுங்கள், மற்றவை தானே நிரம்பும். செயற்குழு மாறும்போது பழைய செயலாளரின் தலைக்குள் இருந்தது அவரோடு போகாமல் சங்கத்தில் தங்க இதைவிட எளிய வழி நான் பார்த்ததில்லை.

ப்ராஜெக்ட் பக்கத்தில் மொத்தச் செலவு என்று ஒரு தொகை வரும். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பொதுக்குழுவில் படித்துவிடாதீர்கள். கொள்முதல் பில்கள் அதில் சேரும். வேலை நேரத்தைப் பதியும் டைம்ஷீட் சேரும். உறுப்பினர் கைப்பணத்தில் செய்து திருப்பி வாங்கும் செலவும் சேரும். ஆனால் 2022இல் வந்த 14ஆம் பதிப்பு முதல் அந்தப் பகுதி தனிச் செயலியாகப் பிரிந்துவிட்டது, அதையும் நிறுவ வேண்டும். ஜர்னல் பதிவில் போட்ட செலவு ப்ராஜெக்ட் குறி இருந்தாலும் அந்தத் தொகையில் சேராது. சில்லறைச் செலவை எல்லாம் ஜர்னலில் போடும் பழக்கம் நம் கணக்கர்களுக்கு உண்டு, அங்கேதான் துண்டு விழும்.

வரியும் அப்படியே. கொள்முதல் பில்லில் வரி நீங்கிய தொகைதான் ப்ராஜெக்ட் பக்கத்தில் ஏறும். வியாபாரிக்கு அது சரி, கட்டிய ஜி.எஸ்.டி.யை அவர் வரவு வைத்துக்கொள்வார். உள்ளீட்டு வரியை வரவு வைக்க முடியாத சங்கத்துக்கு வரியும் செலவுதான். சிமெண்டுக்கு 2025 செப்டம்பர் 22 வரை 28 சதவீதமாக இருந்தது, அன்று முதல் 18. ஒரு லட்சத்துக்குச் சிமெண்ட் எடுத்தால் கையை விட்டுப் போவது 1,18,000. பக்கத்தில் தெரிவது 1,00,000. ஆகவே பொதுக்குழுவுக்குப் பொதுப் பேரேட்டு அறிக்கையை ப்ராஜெக்ட் பெயரால் வடிகட்டி எடுங்கள், ஜர்னலும் அதில் வரும். அதன் பக்கத்தில் பில்களின் வரித்தொகையைச் சரிபார்த்துச் சேருங்கள். நன்கொடை ரசீதைப் பதியும்போதும் அதே குறியைப் போட்டிருந்தால், மண்டபத்துக்கென்று வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று ஒரே தாளில் காட்டலாம்.

பட்ஜெட்டையும் ப்ராஜெக்ட் வாரியாகப் போடலாம். மிஞ்சினால் என்ன செய்ய வேண்டும் என்று மென்பொருள் கேட்கும்: தடுத்து நிறுத்தவா, எச்சரிக்கவா, கண்டுகொள்ளாமல் விடவா? விழாச் செலவுக்கு எச்சரிக்கை போதும் என்பது என் கருத்து. முந்தின நாள் இரவு வாழையிலை வாங்கும்போது கணிப்பொறி வழிமறித்தால் யார் பதில் சொல்வது? ஆனால் கல்வி உதவித்தொகை போல ஒரு நோக்கத்துக்கென்றே வந்த பணத்துக்கு நிறுத்தம்தான் வேண்டும். கட்டுமானத்துக்கு இந்த வசதி உதவாது, ஏனென்றால் பட்ஜெட் வரவு செலவுக் கணக்குகளுக்கு மட்டும்தான், கட்டடமோ சொத்துக் கணக்கில் ஏறுகிறது. அதற்கு ப்ராஜெக்ட் பக்கத்திலேயே மதிப்பீட்டுத் தொகையைக் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை நாமே ஒப்பிட வேண்டும்.

தொண்டர்களின் நேரத்தை டைம்ஷீட்டில் பதிய வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். "சேவைக்குக் கணக்கா?" என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. கூலி விகிதம் சுழியம் என்று வைத்துப் பதிந்தால் செலவு ஏறாது, மணி மட்டும் ஏறும். விழாவுக்கு எத்தனை பேர் எத்தனை மணி உழைத்தார்கள் என்று தெரிந்தால், ஆண்டுதோறும் அதே நான்கு பேர் முதுகில்தான் சுமை ஏறுகிறதா என்பதும் தெரியும்.

கடைசியாக, வேலையை மூடுவது. ப்ராஜெக்டை முடிந்தது என்று குறித்தால் பில் பதியும்போது வரும் பட்டியலில் அதன் பெயர் வராது. நிலையை மாற்றும் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் டாஸ்க் எல்லாவற்றையும் சேர்த்தே முடித்துவிடும். திறப்பு விழா முடிந்த உற்சாகத்தில் இதைச் செய்துவிடுகிறார்கள். ஒப்பந்தக்காரருக்குப் பிடித்து வைத்த தொகை பாக்கி இருக்கும், முதல் மழையில் ஒழுக்குப் பார்க்க வேண்டியிருக்கும். அந்தச் செலவெல்லாம் பிறகு பொது நிர்வாகத்தில் போய் விழும். பிடித்த தொகையைக் கொடுத்து முடித்து, கடைசிப் பில்லைப் பதிந்து, பொதுக்குழுவில் கணக்கை வைத்து ஒப்புதல் வாங்கிய பிறகு மூடுங்கள். அதுவரை திறந்தே இருக்கட்டும்.