மருந்துக் கடையில் நிற்கும் நம் பையன்கள்



மளிகை, நவதானியம், எண்ணெய் என்று வியாபாரம் செய்யும் நம்மவர்களில் பலருக்கு இன்று சொந்தத்திலோ நெருங்கிய உறவிலோ ஒரு மெடிக்கல் ஷாப் இருக்கிறது. மகனுக்கு என்ன தொழில் வைத்துக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தால் முதலில் வாயில் வருவதும் மெடிக்கல்தான். கடன் அதிகம் நிற்காது, சரக்கில் வண்டு விழாது, விலை அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது என்று காரணம் சொல்வார்கள். ஓரளவு உண்மையே. ஆனால் அந்தக் கடைக்கு முதல் தேவை முதலீடு அல்ல, படித்த ஆள். அந்த ஆள் எப்படி உருவாகிறார், ஏற்கெனவே கவுண்டரில் நிற்கும் பையன் மேலே வர என்ன வழி என்பதை நாம் விசாரித்து அறிந்த வரையில் இங்கே எழுதுகிறோம். இதில் நமக்கே ஒரு சூடு பட்ட அனுபவம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் மருந்தாளுநருக்குக் கீழே பார்மசி டெக்னீசியன் என்று தனியாக ஒரு தொழில் இருக்கிறது. அதற்கென்று பயிற்சி உண்டு, தேர்வு உண்டு. இங்கிலாந்தில் 2011 முதல் அவர்களும் பெயரைப் பதிவு செய்துகொண்டால்தான் அந்தப் பட்டத்தைச் சொல்லிக்கொள்ளலாம். நம் நாட்டில் அப்படி ஒரு நடுப்படியே கிடையாது. 1948ஆம் ஆண்டு பார்மசி சட்டப்படி ஒருவர் மாநில பார்மசி கவுன்சிலில் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் எத்தனை வருடம் கவுண்டரில் நின்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் கடைப் பையன்தான். டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுப்பது பதிவு பெற்ற மருந்தாளுநர் கையால் நடக்க வேண்டும், அல்லது அவர் நேரில் இருந்து மேற்பார்வை செய்ய நடக்க வேண்டும். பையன் அட்டையை எடுத்து வைக்கலாம், பில் போடலாம், சரக்கை அடுக்கலாம். மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் சீட்டைப் படித்து மருந்து கொடுக்கக் கூடாது.

இனி நம் கதைக்கு வருவோம்.

நம் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியின் மகன், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கினான். மேலே என்ன குரூப் எடுக்கலாம் என்று தகப்பனார் நம்மிடம்தான் வந்து கேட்டார். "காமர்ஸ் போடுங்க, கணக்கு எழுத நம்ம கடைக்கே வந்துரலாம்" என்று சொன்னோம். வியாபாரிக்கு வேறு என்ன தோன்றும்? 2004இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தான். அப்போது நம் கடையில் இடம் இல்லை. மைத்துனர் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார், அங்கே சேர்த்துவிட்டோம்.

பையன் கெட்டிக்காரன். இரண்டு வருடத்தில் எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவான். எந்த மாத்திரை எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். கடையில் மாட்டியிருந்த சான்றிதழோ வேறொருவருடையது. அவர் வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தார். மாதா மாதம் அவருக்கு ஒரு தொகை போகும். இதைத் தொழிலில் ஒரு வழக்கமாகவே எல்லோரும் பேசுவார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. 2013இல் ஒரு நாள் மதியம் மருந்து ஆய்வாளர் வந்தார். மருந்தாளுநர் எங்கே என்று கேட்டார். சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். ஆய்வாளர் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வரை சாப்பிட்டு முடியவில்லை. லைசென்ஸ் முப்பது நாள் நிறுத்தி வைக்கப்பட்டது.

அப்போதுதான் நமக்குப் புத்தி வந்தது. இந்தப் பையனையே படிக்க வைத்து மருந்தாளுநர் ஆக்கிவிட்டால் வாடகைச் சான்றிதழுக்கு வேலையே இல்லையே, செலவை நாம் ஏற்போம் என்று கிளம்பினோம். கல்லூரியில் விண்ணப்பம் கேட்டபோது பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார்கள். காமர்ஸ் குரூப். திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

காரணம் இதுதான். மருந்தாளுநராகப் பதிவு பெறக் குறைந்தபட்சப் படிப்பு டி.பார்ம். என்னும் டிப்ளமா. அதில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கட்டாயம், அவற்றோடு உயிரியலோ கணிதமோ இருக்க வேண்டும். ஆக, ஒரு பையன் மருந்தாளுநர் ஆக முடியுமா முடியாதா என்பது அவனுக்குப் பதினைந்து வயதாகும்போது, பதினோராம் வகுப்பு சேரும் அன்றே முடிவாகிவிடுகிறது. ஒன்பது வருட அனுபவம் அந்தக் கதவைத் திறக்காது. நம் வீட்டுப் பிள்ளைகளையும் கடைப் பையன்களின் பிள்ளைகளையும் யோசிக்காமல் வணிகவியலில் சேர்த்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மெடிக்கல் வைக்கும் எண்ணம் சிறிதாவது இருந்தால் அறிவியல் குரூப் எடுக்க வையுங்கள்.

டி.பார்ம். இரண்டு வருடப் படிப்பு. அதற்கு மேல் மூன்று மாதத்துக்குக் குறையாமல் 500 மணி நேரம் நேரடிப் பயிற்சி உண்டு. அரசு இடங்களுக்கு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு விண்ணப்பம் கோருகிறது. தனியார் கல்லூரி என்றால் இந்திய பார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் அந்த ஆண்டுக்கு உண்டா என்று பார்த்துவிட்டே பணம் கட்ட வேண்டும். 2022இல் டி.பார்ம். முடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வெளியேறும் தேர்வுக்கும் விதி கொண்டுவந்தார்கள். அதன் நிலவரத்தைச் சேரும்போதே கேட்டுக்கொள்வது நல்லது. வகுப்புக்குப் போகாமலே வெளிமாநிலத்து டிப்ளமா வாங்கித் தருகிறோம் என்று ஊருக்கு ஒரு தரகர் திரிகிறார். அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்; பதிவு செய்யப் போகும்போது பணமும் போய்ச் சான்றிதழும் போய்விடும். 'பார்மசி அசிஸ்டெண்ட்' என்ற பெயரில் நடக்கும் சில மாதப் பயிற்சிகளைக் குறை சொல்ல மாட்டோம், வேலை பழக உதவும். ஆனால் அதை வைத்துக் கவுன்சிலில் பதிவு பெற முடியாது என்பதைப் பெற்றோரிடம் பலர் சொல்வதில்லை.

டி.பார்ம். முடித்தவர் மேலே படிக்க விரும்பினால் பி.பார்ம். இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. அரசு ஆஸ்பத்திரி வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 1000 முதல்வர் மருந்தகங்களைத் திறந்தபோது, டி.பார்ம்., பி.பார்ம். படித்த தொழில்முனைவோருக்கு 3 லட்ச ரூபாய் மானியம் என்று அறிவித்தது. அதில் பாதி ரொக்கமாகவும் பாதி மருந்தாகவும் தருவதாக ஏற்பாடு. படித்த பையனுக்கு இப்படி நாலு வாசல் இருக்கிறது.

படிக்க முடியாமல் போன நம் பையனுக்கு என்ன வாசல்? ஒன்று இருந்தது. மருந்து மொத்த வியாபார லைசென்ஸுக்கு மருந்தாளுநர்தான் வேண்டும் என்பதில்லை. பத்தாம் வகுப்புத் தேறி, மருந்து விற்பனையில் நான்கு வருட அனுபவம் இருந்தால் அவரைக் காம்பிடெண்ட் பெர்சனாக, அதாவது பொறுப்பாளராகக் காட்டலாம். பட்டதாரி என்றால் ஒரு வருட அனுபவமே போதும். இந்த வழி நம்மவர் பலருக்குத் தெரியாது. நமக்கும் ஒரு மருந்து ஏஜென்சிக்காரர் சொல்லித்தான் தெரியும். அவருக்கே அப்போது ஆள் தேவைப்பட்டது. "ஒன்பது வருஷம் இருந்திருக்கான், நாளைக்கே வரட்டும் அண்ணாச்சி, அனுபவச் சான்று மட்டும் கையில கொடுத்து விடுங்க" என்றார்.

மைத்துனரின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினோம். ஒன்பது வருடத்தில் ஒரு இடத்திலும் பையன் பெயர் இல்லை. சம்பளம் முழுவதும் 'கடைச் செலவு' என்று எழுதியிருந்தது. சம்பளப் பதிவேடு இல்லை, வேலைக்குச் சேர்த்த கடிதம் இல்லை. சான்று கொடுத்தால் எதை வைத்துக் கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். கடையோ அப்போதுதான் ஆய்வில் சிக்கி வெளியே வந்திருந்தது. மைத்துனர் கையெழுத்துப் போடப் பயந்தார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நம் கடைப் பேரேட்டிலும் அன்றைக்கு அதே லட்சணம்தான்.

2014இல் அந்த ஏஜென்சியிலேயே கீழ் வேலையில், முதல் நாளிலிருந்து பதிவேட்டில் பெயர் ஏற்றிச் சேர்ந்தான். 2018இல் நான்கு வருடம் முடிந்தபின் பொறுப்பாளரானான். இன்று அந்த ஏஜென்சியே அவன் கையில் நடக்கிறது என்று சொல்லலாம். ஆனாலும் ஒன்பது வருடம் காகிதத்தில் இல்லாமல் போனது போனதுதான். 2008இலேயே அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் அது.

கவுண்டரில் நிற்கும் பையனுக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவனிடமே கேட்டோம். மளிகையில் முதலில் வந்த சரக்கை முதலில் தள்ளுவோம். மருந்தில் அது போதாது, நேற்று வந்த டப்பா அதற்கு முந்தி வந்ததைவிட முன்னால் காலாவதி ஆகலாம். தேதி பார்த்துத்தான் அடுக்க வேண்டும் என்றான். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜில் ஐஸ் பெட்டியை ஒட்டி வைத்து உறைய விட்டால் அது வீண். பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. எச் அட்டவணை மருந்து எழுதிய சீட்டுக்கு, அது இல்லை இது இருக்கிறது என்று வேறு கம்பெனி மருந்தை மாற்றிக் கொடுக்க விதி இடம் தரவில்லை. நம் மளிகையில் ஒரு பிராண்டு பருப்பு இல்லையென்றால் வேறு பிராண்டு கொடுக்கும் கை, அங்கே கட்டுப்பட வேண்டும். 2014 மார்ச் முதல் எச்-1 அட்டவணை மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு வந்திருக்கிறது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். இந்தப் பதிவேட்டை ஒழுங்காக எழுதத் தெரிந்த பையனுக்கு எந்தக் கடையிலும் மதிப்பு உண்டு என்கிறான்.

பேச்சோடு பேச்சாக மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒன்று. தலைவலி மாத்திரையை ஜாடியில் போட்டு விற்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. வீட்டு வைத்திய மருந்துகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அவற்றை லைசென்ஸ் இல்லாமல் விற்கலாம் என்ற சலுகையும் உண்டு. ஆனால் அந்தச் சலுகை ஆயிரம் பேருக்கு மேற்படாத ஜனத்தொகை உள்ள கிராமத்துக்கு மட்டுமே. சரக்கையும் லைசென்ஸ் உள்ள மொத்த வியாபாரியிடமோ கம்பெனியிடமோ வாங்கியிருக்க வேண்டும். டவுன் கடைக்கு இது பொருந்தாது.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். கடையில் உள்ள ஒவ்வொரு பையன் பெயரையும் சேர்ந்த தேதியோடு சம்பளப் பதிவேட்டில் ஏற்றுங்கள். விலகிப் போகிறவனுக்குக் கடையின் லைசென்ஸ் எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை பார்த்தான் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புங்கள். கோபித்துக்கொண்டு போகிறவனாக இருந்தாலும் கொடுத்துவிடுங்கள்.