லோடி தோட்டத்தில் ஓர் அத்தை

ஜனவரியில் ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால் டில்லித் தமிழருக்கு முதல் செலவு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும். அடுத்த கவலை, எங்கே அழைத்துப் போவது? செங்கோட்டைக்கும் குதுப்மினாருக்கும் டிக்கெட் உண்டு. லோடி தோட்டத்துக்குக் கிடையாது. மாதக் கடைசியில் இது சின்ன விஷயமா?

சேலம் ஜில்லாக்காரரான ஒரு குமாஸ்தா, எழுபதைத் தாண்டிய தம் அத்தையை ஞாயிறன்று அங்கே அழைத்துப் போனார். மூடுபனி விலகவே பதினொரு மணியாகிவிட்டது. சாக்ஸ் போட்ட காலில் ரப்பர் செருப்பு நுழையமாட்டேன் என்றதால் அத்தைக்கு நடை சரிப்படவில்லை. வாசலில் வாங்கிய சுட்ட சர்க்கரைவள்ளியும் பிடிக்கவில்லை. “கெழங்குக்கு எதுக்குக் கண்ணு மொளகாத்தூளு?”

1517ல் இறந்த சிக்கந்தர் லோடியின் கல்லறை, நீல ஓடுகள் ஒட்டியிருக்கும் ஷீஷ் கும்பஸ், அக்பர் காலத்து எட்டுத்தூண் பாலம் என்று மருமகன் வரிசையாகக் காட்டினார். புல்வெளியில் குடும்பம் குடும்பமாக வெயில் காய்ந்துகொண்டு வேர்க்கடலை உரித்தார்கள்.

“செத்தவங்களுக்கு இத்தாம் பெரிய வீடு. உசுரோட இருந்தவங்க எங்கே குடியிருந்தாங்க?” என்று கேட்டார் அத்தை.

இங்கேயேதான். கல்லறைகளைச் சுற்றிக் கைர்பூர் என்றொரு கிராமம் இருந்தது. அந்த ஜனங்களை அப்புறப்படுத்திவிட்டுத்தான் 1936ல் வைசிராயின் மனைவி பெயரில் லேடி வில்லிங்டன் பூங்காவாகத் திறந்தார்கள். லோடி தோட்டம் என்ற பெயர் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது.

அத்தை புல்லில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தாயார் பிறந்த வீடு, 1934ல் கட்டி முடித்த மேட்டூர் அணைத் தண்ணீருக்குள் இருக்கிறது. கோடையில் நீர் வடிந்தால் பண்ணவாடியில் நந்தி தலைகாட்டும், மாதா கோயில் கோபுரமும் தெரியும். தாயார் கரையில் நின்று, வீடு இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டுவாராம்.

“எங்களுக்கு நந்தியாவது தெரியுது. இவங்க வந்து பார்த்தா எதைக் காட்டுவாங்க?”

மருமகனிடம் பதில் இல்லை. அத்தை டில்லிக்கு வந்ததே ஒரு காரியமாகத்தான். ஊர் முழுகிய பிறகு குடும்பம் மேட்டில் வாங்கிய முக்கால் ஏக்கரை விற்று, அந்தப் பணத்தில் டில்லியில் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்ட மருமகன் ஏற்பாடு செய்திருந்தார். அத்தையின் கையெழுத்துதான் பாக்கி.

சாயங்காலம் வீட்டில் காப்பி குடித்ததும் பத்திரக் காகிதத்தை எடுத்து வைத்தார். அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார். பிறகு மடித்துத் தம் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார்.

“நீ சித்திரையில லீவு போட்டுட்டு வா கண்ணு. தண்ணி வடிஞ்சிருக்கும். பார்த்துட்டுப் பேசுவோம்.”