நீரை உமிழ்ந்து ஓடும் படகு

படகு மிதக்க ஆழம் வேண்டும். ஆழமில்லாத இடத்தில் படகு தரை தட்டும். இது தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்க்கும், அங்கிருந்து புறப்பட்டு வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி வாழ்பவர்க்கும் ஒருங்கே தெரிந்த செய்தி. அதிலும் எஞ்சின் பூட்டிய படகாயின், நீருக்குள் தொங்கும் புரொப்பெல்லர் என்னும் சுழல்விசிறி கல்லில் மோதி ஒடிந்துபோகும். இந்தப் பழைய விதியை ஒரு மனிதர் மாற்றிக் காட்டினார். அவர் கற்றறிந்த விஞ்ஞானியல்லர். ஆடு மேய்க்கும் பண்ணை ஒன்றின் சொந்தக்காரர். அவர் ஆக்கிய ஜெட் படகின் வரலாற்றையும், அது நம் கங்கையில் ஏறிய கதையையும், அதனால் நம் குடும்பங்கள் அறியத்தக்கவற்றையும் இக்கட்டுரையில் கூற விழைகின்றோம்.

நியூசிலாந்து நாட்டின் தென்தீவில், மலைகள் சூழ்ந்த மெக்கன்சி என்னும் பிரதேசத்தில், ஐரிஷ்மன் கிரீக் என்றொரு பண்ணை உண்டு. அதை 1921ஆம் ஆண்டு வாங்கியவர் வில்லியம் ஹாமில்டன். 1899ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பிறந்த அவருக்கு இயந்திரங்களின்மேல் தீராத மோகம். பண்ணைக்கு மின்சாரம் வேண்டுமென்று, அணை கட்டுவதற்கு மண் வாரும் கருவியைத் தாமே செய்தார். பண்ணையிலேயே பட்டறை அமைத்தார். பிற்காலத்தில் அது பெரிய தொழிற்சாலையாக வளர்ந்தது. அவ்வட்டாரத்து ஆறுகளோ பனிமலையிலிருந்து இறங்கிப் பல கிளைகளாகப் பின்னிப் பிரிந்து, கூழாங்கற்களின்மேல் முழங்கால் ஆழத்தில் பாய்ந்தோடுபவை. அவற்றை எதிர்த்து ஏறக்கூடிய படகு ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆவல்.

1950களின் தொடக்கத்தில் அவர் அம்முயற்சியில் இறங்கினார். அமெரிக்காவில் அப்போது ஒருவகை நீர்த்தாரைக் கருவி இருந்தது. அது ஆற்றுநீரை உறிஞ்சி, படகின் அடியில் நீருக்குள்ளேயே பீச்சித் தள்ளும். அதைப் பின்பற்றிச் செய்த படகு நினைத்தபடி ஓடவில்லை. பட்டறையில் பணிபுரிந்த ஒருவர், நீர் வெளியேறும் வாயைப் படகின் பின்புறத்தில் நீர்மட்டத்திற்குச் சற்று மேலே வைத்துப் பார்க்கலாமே என்று யோசனை கூறினார். அவ்வாறே மாற்றினார்கள்; படகு விரைந்தது. படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் எதுவும் இல்லாமற் போயிற்று. முதலாளியின் கனவும் தொழிலாளியின் யோசனையும் கூடிப் பிறந்தது இப்படகு என்பதை, உழைத்துப் பிழைக்கும் நாம் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதன் தத்துவம் எளிது. பொதுக்குழாயில் ரப்பர் குழாயைச் செருகித் தண்ணீர் பிடிக்கும் நம் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்: நீர் வேகமாக வரும்போது குழாயின் நுனி பாம்புபோல் நெளிந்து பின்னோக்கித் துள்ளும். தீயணைக்கும் படையினர் இருவர் மூவராகச் சேர்ந்து குழாயைப் பிடிப்பதும் இதனாலேயே. நீர் ஒரு திசையில் பாய்ந்தால், பாய்ச்சிய பொருள் எதிர்த்திசையில் தள்ளப்படும். இது நியூட்டன் வகுத்த மூன்றாம் விதி. ஜெட் படகின் அடிப்பலகையில் கம்பித் தடுப்பிட்ட துவாரம் ஒன்று உண்டு. அதன் வழியே நீர் உள்ளே இழுக்கப்படுகின்றது. எஞ்சினால் சுழலும் உந்துசக்கரம் அந்நீரை அழுத்திப் பின்புறக் குழல்வாய் வழியே சீறிப் பாய்ச்சுகின்றது. படகு முன்னே பாய்கின்றது. குழல்வாயை வலமோ இடமோ திருப்பினால் படகு திரும்பும். சுக்கான் தனியே கிடையாது. பின்னே செல்ல வேண்டுமாயின், பாயும் நீரின் குறுக்கே ஒரு மூடி இறங்கி அதை முன்பக்கமாகத் திருப்பிவிடும். வேகமெடுத்து நீரின் மேற்பரப்பில் சறுக்கியோடும்போது, நான்கு அங்குல நீர் இருந்தாலும் சிறிய ஜெட் படகுக்குப் போதும்.

நீர்த்தாரையால் படகை ஓட்டும் எண்ணம் ஹாமில்டனுக்கு முன்பே பலருக்கு இருந்ததுண்டு. 1661இல் இங்கிலாந்தில் இருவர் இதற்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். 1787இல் அமெரிக்காவின் பொட்டோமாக் நதியில் ஜேம்ஸ் ரம்சி என்பவர் நீராவியின் துணையால் நீரைப் பீச்சிப் படகோட்டிக் காட்டினார். ஹாமில்டனும் தாமே அனைத்தையும் கண்டுபிடித்ததாகப் பெருமை பேசியவரல்லர். அப்புகழ் பழங்கால ஆர்க்கிமிடீசுக்கே உரியது என்று நகைச்சுவையாகச் சொல்லிவந்தார். ஆயினும் உழவரும் வேட்டைக்காரரும் நிலமளப்போரும் நாள்தோறும் பயன்படுத்தத்தக்க படகாக அதை முதன்முதல் ஆக்கித் தந்தவர் அவரே. 1974இல் அவருக்குச் சர் பட்டம் அளிக்கப்பட்டது. 1978இல் அவர் காலமானார்.

அவசியத்துக்காகப் பிறந்த பொருள் விரைவிலேயே உல்லாசத்துக்கும் உரியதாயிற்று. 1958இல் குவீன்ஸ்டவுன் என்னும் ஊரருகே, கவராவ் ஆற்றில், கட்டணம் வாங்கிக்கொண்டு பயணிகளை ஜெட் படகில் ஏற்றிச்செல்லும் தொழில் தொடங்கிற்று. பின்னர் ஷாட்டோவர் ஆற்றின் குறுகிய பாறைப்பிளவுகளுக்கிடையே, கைநீட்டினால் கல்லைத் தொடலாம் போன்ற நெருக்கத்தில் படகை ஓட்டி மக்களை மெய்சிலிர்க்க வைத்தார்கள். ஓடும் படகை ஒரே இடத்தில் முழுவட்டமாகச் சுழற்றும் வித்தைக்கு ஹாமில்டன் திருப்பம் என்றே பெயர். 1960இல் அமெரிக்காவின் கொலராடோ நதியில், கிராண்ட் கேன்யன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் ஆர்ப்பரிக்கும் நீர்ச்சரிவுகளை எதிர்த்து முதன்முதலாக ஏறியவையும் ஹாமில்டனின் படகுகளே. அதில் படகோட்டியவர்களுள் ஒருவர் அவருடைய மகன் ஜான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எவரெஸ்ட் சிகரத்தை 1953இல் டென்சிங்குடன் ஏறிய எட்மண்ட் ஹில்லாரி நியூசிலாந்துக்காரர் என்பது யாவரும் அறிந்தது. அவர் 1977ஆம் ஆண்டு ஒரு புதுமையான யாத்திரை மேற்கொண்டார். கங்கை கடலில் கலக்கும் கங்காசாகரத்திலிருந்து புறப்பட்டு, நதியை எதிர்த்தே ஏறி, இமயத்தில் அதன் பிறப்பிடத்தை நோக்கிச் செல்வது என்பது திட்டம். மூன்று ஜெட் படகுகள். ஒன்றின் பெயர் கங்கா, மற்றொன்று கிவி, மூன்றாவது ஏர் இந்தியா. அந்நாளில் நம் நரிமன் முனையில் உயர்ந்து நின்ற கட்டடத்தைத் தலைமையகமாகக் கொண்டிருந்த அதே விமான நிறுவனத்தின் பெயர்தான் அது. குழுவில் ஹாமில்டனின் மகன் ஜான் இருந்தார். ஹில்லாரியின் மகன் பீட்டரும் இருந்தார். இந்திய மலையேறிகளுள் புகழ்பெற்ற மோகன் கோலி போன்ற நம்மவரும் இருந்தனர்.

மழைக்காலத்தில் ஆறு பெருகியிருக்கும் ஆகஸ்ட் மாதத்தில் அவர்கள் புறப்பட்டார்கள். கல்கத்தா, பாட்னா, காசி, அலகாபாத், ஹரித்துவாரம் என்று சமவெளியைக் கடந்தார்கள். கரையெங்கும் மக்கள் வெள்ளம். மற்ற நாடுகளில் வேடிக்கையாகக் காணப்பட்ட படகு, இங்கே கங்கைத்தாயின் சந்நிதிக்கு ஏறிச்செல்லும் தீர்த்த யாத்திரையாகக் காணப்பட்டது. ரிஷிகேசத்துக்கு மேலே ஆறு பாறைகளுக்கிடையே இரைந்து இறங்குகின்றது. தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை ஆகியவற்றையும் தாண்டி நந்தப்பிரயாகை வரையில் படகுகள் ஏறின. அங்கே ஒரு நீர்வீழ்ச்சி வழியை மறித்தது. எந்த எஞ்சினாலும் அருவிமேல் ஏற இயலாதன்றோ? குழுவினர் படகைவிட்டு நடந்தனர். மலையில் உயரமான முகாமில் ஹில்லாரி கடும் நோயுற்றார்; ஹெலிகாப்டரில் கொண்டுவந்து அவரைப் பிழைக்க வைத்தனர். அதற்கு இரண்டாண்டுகள் முன்னர்தான், 1975இல், காட்மாண்டு விமான விபத்தில் அவர் தம் மனைவியையும் இளைய மகளையும் பறிகொடுத்திருந்தார். துயரத்தைச் சுமந்த ஒரு மனிதர் ஆற்றை எதிர்த்து ஏறியதை எண்ணும்போது, சாகசம் என்பது வெறும் பொழுதுபோக்கு அன்று என்று நமக்குத் தோன்றுகின்றது.

இவையெல்லாம் செல்வர்களின் விளையாட்டு, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அன்பர்களே, இரண்டு நாட்களை நினைவூட்டுகின்றோம். 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. மித்தி ஆறு கரைபுரண்டு குர்லாவும் தாராவியும் நீரில் ஆழ்ந்தன. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களில் அதேபோன்ற பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் வண்டி, முன்னே பாதையின் ஜல்லி அரிக்கப்பட்டமையால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. சுமார் 800 பிரயாணிகள் நாற்புறமும் நீர் சூழ அகப்பட்டனர். ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. இரண்டு நாட்களாயின, அனைவரும் வெளியேற. இரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதும் நமக்கு, நின்றுபோன அவ்வண்டியின் நினைவு எளிதில் அகல்வதில்லை. இம்மும்பையில் ஸ்ரீவைகுண்டத்திலும் திருச்செந்தூரிலும் உறவினர் இல்லாத தமிழ்க்குடும்பங்கள் மிகச் சிலவே.

அப்படியாயின் ஜெட் படகு இருந்தால் எல்லாரையும் மீட்டிருக்கலாமே என்று அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. நீரை உறிஞ்சும் துவாரம் வைக்கோலையும் செடிகொடியையும் பிளாஸ்டிக் பையையும் சேர்த்தே இழுக்கும். கம்பித்தடுப்பு அடைபட்டால் படகு சோர்ந்து நின்றுவிடும். மித்தி ஆற்றில் மிதப்பவை எவை என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. நியூசிலாந்தின் தெளிந்த ஆற்றில் ஆபத்துக்குதவும் படகு, நம் சாக்கடை கலந்த வெள்ளத்தில் பத்தடி செல்லுமுன் திணறும். ஆனால் வேறொரு நன்மை உண்டு. புரொப்பெல்லர் வெளியே இல்லாமையால், நீரில் தத்தளிப்பவரின் அருகே செல்லும்போது சுழலும் அலகு அவரை வெட்டுமோ என்ற அச்சம் குறைவு. எவ்விடத்துக்கு எக்கருவி என்று அறிந்து வாங்கி வைத்திருப்பதே அரசாள்வோரின் கடன். ஆற்றையும் ஓடையையும் குப்பையின்றி வைத்திருப்பது நம் அனைவரின் கடன்.

இனி நம் இளைஞர்களைப் பற்றி ஒரு சொல். அலிபாகிலும் கோவாவிலும் விடுமுறை நாட்களில் அவர்கள் ஏறிப் பறக்கும் வாட்டர் ஸ்கூட்டர் இருக்கின்றதே, அதுவும் இதே நீர்த்தாரைத் தத்துவத்தில் ஓடுவதுதான். அதில் ஏறுமுன் ஓர் உண்மையை அறிந்திருக்க வேண்டும். சாலையில் ஆபத்து எதிர்ப்பட்டால் நாம் வேகத்தைக் குறைக்கின்றோம். நீர்த்தாரை வண்டியில் விசையை முழுவதும் விட்டுவிட்டால் நீர் பாய்வது நிற்கும். நீர் பாயாவிட்டால் திருப்பும் ஆற்றல் பெரும்பாலும் போய்விடும். வண்டி வந்த வேகத்தில் நேரே சென்று மோதும். பயந்து கையை விடுபவனே விபத்துக்கு ஆளாகின்றான். விசையைச் சிறிது வைத்துக்கொண்டே திருப்ப வேண்டும் என்பதைக் கற்பிக்காத ஆளிடம் பணம் கொடுத்து ஏறலாகாது.

கடலிலும் எச்சரிக்கை தேவை என்பதை நம் நகரம் அண்மையில் மிகுந்த விலைகொடுத்துக் கற்றது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், கேட்வே ஆப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்குச் சென்ற நீல்கமல் என்னும் பயணிகள் படகின்மேல், எஞ்சின் சோதனையில் ஈடுபட்டிருந்த கடற்படை விரைவுப்படகு ஒன்று கட்டுப்பாடிழந்து மோதிற்று. 15 உயிர்கள் போயின. உல்லாசமாகப் புறப்பட்ட குடும்பங்கள் அவை. படகில் கால்வைக்குமுன் உயிர்காப்பு உடுப்பைக் கேட்டு வாங்கி, குழந்தைக்கு முதலில் அணிவித்து, கொக்கிகளை மாட்டியபின் உட்காருவது வெட்கப்படத்தக்க செயலன்று. படகோட்டி சிரித்தால் சிரிக்கட்டும்.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. அதைச் சொல்லியே பிள்ளைகளை நீரின் பக்கமே போகவிடாத பெற்றோர் நம்முள் பலர். அப்பழமொழி காலை விடவே கூடாது என்று கூறவில்லை. அறிந்து விடு என்றே கூறுகின்றது. நீந்தத் தெரியாத பிள்ளையைத் தடுத்து வைப்பதைவிட, நீந்தக் கற்பிப்பது நலம். கோவாவில் நீர் விளையாட்டுகளுக்கென்றே ஒரு தேசியப் பயிற்சி நிலையம் இருக்கின்றது; விசைப்படகு செலுத்தவும், மூழ்குவோரை மீட்கவும் அங்கே முறையாகக் கற்பிக்கின்றனர். நம் இளைஞர் ஒருவர் அத்தொழிலைக் கற்றால், அவருக்குப் பிழைப்புக்கு ஒரு வழியும் கிடைக்கும். அடுத்த பெருமழையில் தாராவியின் சந்துகளுக்கோ தாமிரபரணிக் கரைக்கோ செல்லும் மீட்புப் படகில் நம் மொழி பேசும் ஒருவரும் இருப்பார். முழங்கால் ஆழத்து ஆற்றை ஏற வேண்டும் என்று ஒரு பண்ணைக்காரர் ஆசைப்பட்டதிலிருந்து உலகுக்கு இத்தனை நன்மை விளைந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளின் ஆசைகளையும் அறிவோடு கூட்டி வளர்ப்போமாக.