உங்களுக்குத் தெரியுமா? குடைக்கு அடியில் இருக்கிறது அடையாளம்

செம்பவாங் வட்டாரத்தில் இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்தபின், அடுக்குமாடிகளுக்கிடையேயுள்ள புல்தரையில் வெண்குடைகளாக எழுந்து நிற்கும் காளான்களைக் கண்டதும், ஊரில் கறையான் புற்றருகே பறித்துச் சமைத்த புற்றுக்காளானின் ஞாபகம் நம் பெரியவர்களுக்கு வருவது சகஜமே. ஆனால் சிங்கப்பூர்ப் புல்வெளிகளில் சாதாரணமாகத் தென்படும் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் இனம், உண்ட சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியையும் பேதியையும் விளைவிக்கும் விஷமுடையது. இளமையில் வெண்மையாயிருக்கும் அதன் அடித்தகடுகள் முதிர முதிரப் பசுஞ்சாம்பல் நிறம் கொள்ளும்; அத்தகடுகள் கீழ்நோக்கியிருக்கக் குடையை வெள்ளைத் தாளின்மேல் ஓரிரவு வைத்தால், பச்சைநிற வித்துத்தூள் அதில் படியும்.

ஆகையால் மேலிருந்து மட்டும் எடுத்த புகைப்படம், எத்தனை அழகாயிருப்பினும், இனத்தை நிர்ணயிக்க உதவாது. பூங்காக்களிலும் வனக்காப்பகங்களிலும் அனுமதியின்றிப் பறிப்பது சட்டவிரோதமாதலால், சிறு கைக்கண்ணாடியைக் குடையின் கீழே நீட்டி, அதில் தெரியும் தகடுகளையும் தண்டின் வளையத்தையும் படம் பிடிப்பதே உத்தமமான வழி. தண்டின் அடிப்பாகத்தையும், அருகிலுள்ள மரத்தையும் தனித்தனியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

1929இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் உதவி இயக்குநராகச் சேர்ந்த காளான் ஆய்வாளர் ஈ. ஜே. ஹெச். கார்னரை, உயர்ந்த மரங்களின் கிளைகளைப் பறித்துத் தரக் குரங்குகளைப் பழக்கியவர் என்றே பலரும் அறிவர். பவளக் காளான்களைப் பற்றி 1950இல் அவர் வெளியிட்ட பெருநூலுக்கே அந்தக் கீர்த்தி அதிகம் உரியது என்பது என் அபிப்பிராயம்.