குளிரை விட்டு வரலாம், குடியுரிமை இருக்கிறதா?

“பேசாம இங்கேயே வந்துருங்கக்கா. அந்தக் குளிர்ல கெடந்து ஏன் கஷ்டப்படணும்?”

நவம்பர் பிறந்துவிட்டால் மலேசியாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்து பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், ஜெராம் வட்டாரங்களிலிருந்து பிரிட்டனுக்குப் போகும் அழைப்புகளில் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். மறுமுனையில் இருப்பவருக்கு எழுபது வயதுக்கு மேல். தோட்டத்து லயத்திலோ கிராணி வீட்டிலோ பிறந்து, தாதியர் பயிற்சிக்கென்று இளம் வயதிலேயே கிளம்பிப் போனவர். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஊரில், முழங்கால் வலியோடும் எரிவாயுக் கட்டண ரசீதோடும் குளிர்காலத்தைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். போய்விடலாமா என்ற எண்ணம் அவருக்கும் இல்லாமல் இல்லை.

குளிரா வெயிலா என்றுதான் குடும்பங்கள் இதைப் பேசுகின்றன. முடிவைத் தீர்மானிக்கப்போவதோ அடையாள அட்டையும் ஓய்வூதியமும். விமானச் சீட்டு எடுத்த பிறகு இதைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

போனவர்கள் ஏன் தங்கினார்கள்?

1960களிலும் 70களிலும் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் ஆள் பற்றாக்குறை. காமன்வெல்த் நாடுகளிலிருந்து பயிற்சித் தாதியரைச் சேர்த்துக்கொண்டார்கள். மலேசியாவிலிருந்து மட்டும் ஆயிரக்கணக்கானோர் போனார்கள். ஐந்தாம் படிவம் முடித்த பெண்பிள்ளைக்கு உள்ளூரில் வேலை கிடைப்பது அரிதாக இருந்த காலம் அது. பயிற்சியின்போதே சம்பளம், தங்க இடம் என்றால் எந்தக் குடும்பம் வேண்டாம் என்று சொல்லும்?

பயிற்சி இரண்டு வகையாக இருந்தது. மூன்றாண்டு படித்தவர் பதிவுபெற்ற தாதி. இரண்டாண்டு படித்தவர் பட்டியல் தாதி. வெளிநாட்டிலிருந்து போன பெண்களில் பலர் இரண்டாவது வகையில்தான் சேர்க்கப்பட்டார்கள். பிரிட்டனுக்கு வெளியே அந்தச் சான்றிதழுக்குப் பல நாடுகளில் மதிப்பில்லை. படித்து முடித்ததும் ஊருக்குத் திரும்பலாம் என்று போனவர்கள் அங்கேயே வேலை, திருமணம், பிள்ளைகள் என்று நிலைத்துவிட்டதற்கு இது பெரிய காரணம்.

குளிரும் அவர்களைச் சும்மா விடவில்லை. 1963 ஜனவரியில் மத்திய இங்கிலாந்தின் மாதச் சராசரி வெப்பநிலையே உறைநிலைக்குக் கீழே இரண்டு பாகை. அதுவரை குளிர் என்பதையே அதிகம் உணர்ந்திராத உடம்புகள் அவை.

வெயிலைப் பற்றிய தப்புக் கணக்கு

மலேசியாவில் இதுவரை பதிவான உச்ச வெப்பநிலை 40.1 பாகை, 1998 ஏப்ரலில், பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில். இங்கிலாந்தின் உச்சம் 40.3 பாகை, 2022 ஜூலை 19 அன்று, லிங்கன்ஷயர் மாவட்டத்தின் கானிங்ஸ்பியில். குளிர்நாட்டின் சாதனை வெப்பநாட்டின் சாதனையைத் தாண்டிவிட்டது. வெயிலைத் தேடித்தான் வரவேண்டும் என்ற வாதம் கோடையைப் பொறுத்தவரை பலவீனமாகிவிட்டது.

கோல சிலாங்கூரின் காற்றும் எப்போதும் நல்ல காற்று இல்லை. 2005 ஆகஸ்ட் 11 அன்று புகைமூட்டத்தால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியபோது அவசரநிலை அறிவிக்கப்பட்ட இடங்கள் இரண்டு: ஒன்று கிள்ளான் துறைமுகம், மற்றொன்று கோல சிலாங்கூர். சுமத்ராவின் தீ மட்டும் இதற்குக் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த ராஜா மூசா கரிச்சதுப்புக் காட்டில் வறட்சிக் காலத்தில் மண்ணுக்கடியிலேயே தீ பரவும். மேலே தண்ணீர் ஊற்றினாலும் கீழே கனன்றுகொண்டிருக்கும். ஆஸ்துமாவோடு திரும்பி வருகிறவர் இதையும் யோசிக்க வேண்டும்.

வெப்பத்தால் மூட்டுவலி குறைகிறது, உறவுகள் பக்கத்தில் இருப்பதே பாதி மருந்து என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

இந்த மண்ணில் தெரிவு யாருக்கு இருந்தது?

குளிரை விட்டு வெப்பத்துக்கு வந்தவர்களின் கதை வட சிலாங்கூருக்குப் புதிதில்லை. பிரான்ஸின் பார்பெசியூவில் 1879இல் பிறந்த ஆன்ரி ஃபோகொன்னியே, இங்கிலாந்தில் சில காலம் ஆசிரியராக இருந்துவிட்டு 1905இல் மலாயா வந்தார். ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் நட்டார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் அவர் தொடங்கியதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிர். இன்று நாடு முழுக்கப் பரந்து கிடக்கும் செம்பனையின் வரலாறு கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் ஆரம்பமாகிறது. மலாயா வாழ்க்கையை வைத்து எழுதிய நாவலுக்காக 1930இல் அவருக்குக் கோன்கூர் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே குடும்பத்தோடு துனிசியாவின் வெயிலுக்குக் குடிபெயர்ந்திருந்தார். வந்தார், இருந்தார், வேறொரு கடற்கரைக்குப் போனார். எந்த எல்லையும் அவரைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

அதே தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. குடியுரிமை இல்லாதவருக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளியவர்கள், விண்ணப்பம் எழுதத் தெரியாமல் விட்டவர்கள், பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் என்று எத்தனையோ பேர் ஒரே நாளில் அந்நியர்களானார்கள். ஏறக்குறைய 60,000 தோட்டத் தொழிலாளர்கள் தமிழகத்துக்கும் இந்தியாவின் பிற பகுதிகளுக்கும் புறப்பட்டுப் போனதாக வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரே லயத்தில் அண்ணன் குடியுரிமை பெற்ற நீல அட்டைக்காரர், தம்பி சிவப்பு அட்டைக்காரர் என்ற நிலையும் இருந்தது. அண்ணன் இருந்தார், தம்பி நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ கப்பலேறினார். தட்பவெப்பம் பார்த்து எடுத்த முடிவா அது?

அதே காலத்தில்தான் அந்த லயங்களின் பெண்கள் லண்டனுக்குப் போனார்கள். பத்திரத்தின் பிடியிலிருந்து தப்பித்துவிட்டதாக அவர்கள் நினைத்திருக்கலாம். அது பதினெட்டு ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடி வந்தது.

1987 டிசம்பர் 31

பிரிட்டனின் புதிய குடியுரிமைச் சட்டம் 1983 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. 1973க்கு முன்பே அங்கே குடியேறியிருந்த காமன்வெல்த் நாட்டவர், உரிமையோடு பதிவுசெய்து பிரிட்டிஷ் குடிமக்களாகலாம். அதற்குக் கெடு 1987 டிசம்பர் 31. அதற்குப் பிறகு கட்டணமும் நிபந்தனைகளும் வேறு. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, குடிநுழைவுச் சட்டம் இன்னும் இறுகிவிடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து, பலரைக் கையெழுத்துப் போடவைத்தன.

மலேசிய அரசியலமைப்போ இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றவரின் மலேசியக் குடியுரிமையைப் பறிக்க 24ஆவது விதி அரசுக்கு அதிகாரம் தருகிறது. முறைப்படி துறக்க விரும்புகிறவர் ‘கே’ படிவம் நிரப்பி நீல அட்டையை ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்தவர் இன்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கினால் சுற்றுப்பயணி. 90 நாள் தங்கலாம்.

மலேசியக் கடப்பிதழை விடாமல் வைத்திருந்தவர்களுக்கு நிம்மதி என்று தோன்றும். அவர்களுக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. பிரிட்டனின் காலவரையற்ற வசிப்பு அனுமதி, தொடர்ந்து இரண்டாண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் காலாவதியாகிவிடும். கோல சிலாங்கூரில் மூன்று ஆண்டு இருந்து பார்த்துவிட்டு, ஒத்துவரவில்லை, பிள்ளைகளிடமே போய்விடலாம் என்று அதன்பின் முடிவெடுப்பது சுலபமில்லை.

உறைந்துபோன ஓய்வூதியம்

பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் ஒவ்வோர் ஏப்ரலிலும் உயர்கிறது. அமெரிக்கா, பிலிப்பீன்ஸ், ஜமைக்கா, மொரிஷியஸ் போன்ற நாடுகளில் குடியிருந்தாலும் அந்த உயர்வு வரும். மலேசியாவில் குடியிருந்தால் வராது. இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா, கனடா எல்லாம் மலேசியாவின் பட்டியலில்தான்.

2010இல் ஓய்வுபெற்று, முழு அடிப்படை ஓய்வூதியத்தோடு அந்த ஆண்டே மலேசியாவுக்குத் திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். அன்று அவருக்கு வாரம் 97.65 பவுண்டு. இன்றும் அதே 97.65தான். அவரோடு ஒரே வார்டில் வேலை செய்து, பிரிட்டனிலேயே தங்கிவிட்ட தோழிக்கு 2025-26இல் வாரம் 176.45 பவுண்டு. கட்டிய சந்தா ஒன்று, பார்த்த இரவு வேலை ஒன்று. வித்தியாசம் ஆண்டுக்கு நான்காயிரம் பவுண்டுக்கு மேல். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவையின் பணி ஓய்வூதியம் எங்கே இருந்தாலும் விலைவாசியோடு உயரும் என்பது ஓரளவு ஆறுதல். பிள்ளை வளர்ப்பதற்காகப் பகுதி நேரம் வேலை செய்த பெண்களுக்கு அந்தத் தொகை சிறியது.

உலகம் முழுக்க ஏறக்குறைய நான்கரை லட்சம் பேர் இந்த உறைந்த ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள். பாதிக்கப்பட்ட 13 பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010 மார்ச்சில் 17 நீதிபதிகளில் 11 பேர் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். நீதிமன்ற வழி அதோடு அடைபட்டது. பிரிட்டனுக்கே திரும்பிக் குடியேறினால் ஓய்வூதியம் நடப்பு விகிதத்துக்கு உயர்ந்துவிடும். எண்பது வயதில் அதற்காகப் பெட்டி கட்டச் சொல்வது கொடுமை.

பணம் இருந்தால் வழி இருக்கிறது

குடியுரிமையை இழந்தவருக்கு ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2021க்கு முன்பு ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒன்றரை லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகையோடும், மாதம் பத்தாயிரம் ரிங்கிட் வருமானத்தோடும் வரமுடிந்தது. அந்த ஆண்டில் வருமான வரம்பு மாதம் 40,000 ரிங்கிட்டாகவும் வைப்புத்தொகை பத்து லட்சமாகவும் உயர்ந்தன. 2024இல் மறுபடியும் மாற்றினார்கள். இப்போதைய கீழ்நிலையான வெள்ளிப் பிரிவுக்கே 1,50,000 அமெரிக்க டாலர் வைப்புத்தொகை வேண்டும்; ஆறு லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் வாங்க வேண்டும். கிடைப்பது ஐந்தாண்டு அனுமதி. பத்தாங் பெர்ஜுந்தையின் சாதாரணத் தரைவீடு இந்தக் கணக்குக்குள் வராது.

மருத்துவச் செலவு அடுத்தது. மலேசியக் குடிமகன் அரசு மருந்தகத்தில் ஒரு ரிங்கிட்டுக்கு மருத்துவரைப் பார்க்கலாம். வெளிநாட்டுக் கடப்பிதழ்காரருக்குக் கட்டணம் பல மடங்கு. பிரிட்டனை விட்டு நிரந்தரமாக வெளியேறியவருக்கு அங்கேயும் இலவச மருத்துவமனைச் சிகிச்சை உரிமையாகாது. அந்த உரிமை கடப்பிதழைப் பார்த்து வருவதில்லை, குடியிருப்பைப் பார்த்து வருகிறது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் நோயைப் பார்த்த பெண், தன் நோய்க்கு இரண்டு நாட்டிலும் முழுக் கட்டணம் செலுத்த வேண்டி வரலாம்.

திரும்பி வர எந்த இடம் இருக்கிறது என்பதும் உறுத்துகிறது. தோட்டம் முதலாளியின் சொத்து. வேலை முடிந்தால் லயம் காலி செய்யப்பட வேண்டியது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. 2011இல் ஈஜோக் வரை நெடுஞ்சாலை வந்தது. மனைகளும் குடியிருப்புப் பகுதிகளும் பின்னாலேயே வந்தன. அவர்கள் பிறந்த லயங்களில் பல, இன்று செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒரு கோயிலும் கிணறுமாக மிஞ்சியிருக்கின்றன.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

முதல் யோசனை, அவசரப்பட்டு நிரந்தரமாகக் கிளம்பாமல் இருப்பது. பிரிட்டிஷ் கடப்பிதழ் உள்ளவர் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதமும் விசா இல்லாமலே இங்கே தங்கலாம். பொங்கலும் தைப்பூசமும் அதற்குள் வந்துவிடும். குடியிருப்பு பிரிட்டனிலேயே இருக்கும்வரை ஓய்வூதிய உயர்வும் மருத்துவ உரிமையும் போகாது. கடுங்குளிரும் கழிந்துவிடும்.

இரண்டாவது, மலேசியக் குடியுரிமை இன்னும் கையில் இருப்பவர்கள், பிள்ளைகளின் வற்புறுத்தலுக்காகக்கூட ‘கே’ படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, அரசு செய்ய வேண்டியது. பூர்வீகம் இந்தியாவாக இருந்து பத்திரங்களும் சரியாக இருந்தால், 2005 முதல் இந்தியா வழங்கும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டையை ஈஜோக்கில் பிறந்த பிரிட்டிஷ் தாதி ஒருவர் பெறலாம். அதை வைத்துக்கொண்டு, தாத்தா விட்டுவந்த தமிழ்நாட்டில் ஆயுள் முழுக்க இருக்கலாம். தான் பிறந்த ஈஜோக்கில் 90 நாள்தான். வாக்குரிமை வேண்டாம், நிலவுரிமைச் சலுகை வேண்டாம். இந்த மண்ணில் பிறந்து அறுபது வயதைக் கடந்த முன்னாள் குடிமக்களுக்கு, வைப்புத்தொகை கேட்காமல் ஓர் ஆயுள்கால வசிப்பு அட்டையை மலேசியா கொடுக்கலாம். இவர்கள் யாருடைய வேலையையும் பறிக்கப்போவதில்லை. உறைந்ததோ உயர்ந்ததோ, தங்கள் ஓய்வூதியத்தை இந்தச் சிறுநகரங்களின் கடைகளில்தான் செலவழிப்பார்கள். 1969இல் போனவர் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். இந்தக் கோரிக்கையை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டியவர்கள் அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுபோக வேண்டும்.